நுரையீரல் கட்டிக்கு பயாப்ஸி: எங்கே குத்துவது, ஏன் அங்கே?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும். அப்பாவுக்கு 61 வயது. பல வருடம் பீடி பிடித்தவர், ஐந்து வருடத்துக்கு முன்னால் விட்டுவிட்டார். விடாத இருமல், எடை குறைவு. எக்ஸ்ரேயில் வலது மேல்பக்கம் நிழல் தெரிந்ததும் டிபியாக இருக்கும் என்று மாத்திரை ஆரம்பித்தார்கள். சளியில் கிருமி வரவில்லை, இருமலும் குறையவில்லை. அப்புறம் எடுத்த சிடி ஸ்கேனில் வலது நுரையீரலின் மேல்மடலில் 3.8 செ.மீ. கட்டி. பெட் ஸ்கேனில் அந்தக் கட்டி நன்றாக ஒளிர்கிறது. மூச்சுக்குழாயின் வலது பக்கத்தில் ஒரு நெறிக்கட்டியும் (லிம்ஃப் நோடு) ஒளிர்கிறது, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் இடது அட்ரினல் சுரப்பியில் லேசாக ஏதோ தெரிகிறது. ஒரு டாக்டர், சிடி பார்த்துக்கொண்டே நெஞ்சில் ஊசி போட்டு சதை எடுக்கலாம் என்கிறார். இன்னொருவர், வாய் வழியாகக் குழாய் விட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்து நெறிக்கட்டியில் ஊசி போடும் ஈபஸ் செய்யலாம் என்கிறார். பெட் ரிப்போர்ட்டிலேயே புற்றுநோய், மூன்றாம் ஸ்டேஜ் என்று போட்டிருக்கும்போது எதற்குக் குத்த வேண்டும் என்பது உங்கள் கேள்வி. குத்தினால் பரவிவிடும் என்று பெரியப்பா வேறு பயமுறுத்துகிறார்.

இரண்டு டாக்டர்களும் தவறாகச் சொல்லவில்லை. முதலாமவர் "இது என்ன நோய்?" என்ற கேள்விக்கு வழி சொல்கிறார். இரண்டாமவர் "என்ன நோய், எதுவரை போயிருக்கிறது?" என்ற இரண்டுக்கும் சேர்த்து ஒரே வழியைத் தேடுகிறார். உங்கள் அப்பாவின் ஸ்கேன் நீங்கள் சொன்னபடியே இருந்தால், நான் இரண்டாமவர் பக்கம்தான். ஏன் என்று சொல்கிறேன்.

நுரையீரல் புற்றுநோயில் பயாப்ஸி எடுக்கும் இடத்தை முடிவு செய்ய ஒரு விதி உண்டு. எந்த இடத்தில் புற்றுநோய் இருந்தால் ஸ்டேஜ் மிக அதிகமாக மாறுமோ, அந்த இடத்தில் முதலில் எடு. அங்கே பாதுகாப்பாகப் போக முடிந்தால் மட்டும். கட்டி பெரிதாகத் தெரிகிறது, எளிதாகக் குத்தலாம் என்பதற்காக அதில் எடுத்தால் "ஆமாம், புற்றுநோய்தான்" என்று ஒரு பதில் வரும். நெறிக்கட்டியில் இருப்பது என்ன என்ற கேள்வி அப்படியே நிற்கும். அதற்கு இன்னொரு நாள், இன்னொரு மயக்க மருந்து, இன்னொரு பில். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இங்கே எந்தச் சோற்றை எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உங்கள் அப்பாவின் ஸ்கேனையே வைத்துக் கணக்குப் போடலாம். 2025 முதல் நடைமுறையில் இருக்கும் டிஎன்எம் வகைப்பாட்டின் (டி என்பது கட்டி, என் என்பது நெறிக்கட்டி, எம் என்பது தூரப் பரவல்) ஒன்பதாம் பதிப்புப்படி 3.8 செ.மீ. கட்டி என்பது டி2ஏ. அந்த நெறிக்கட்டி வெறும் அழற்சியால் வீங்கியது, அட்ரினலில் இருப்பது சாதாரணக் கொழுப்புக் கட்டி என்று தெரிந்தால், அவர் ஒன்று-பி ஸ்டேஜ். அறுவை சிகிச்சை செய்து அந்த மடலை எடுக்கலாம், குணமாகும் நோக்கத்தோடு. அந்த ஒரு நெறிக்கட்டியில் மட்டும் புற்றுநோய் இருந்தால் மூன்று-ஏ. நெஞ்சுக்குள் நெறிக்கட்டிகள் இருக்கும் இடங்களை நிலையங்கள் என்று எண் கொடுத்துப் பிரித்திருக்கிறார்கள்; பக்கத்தில் இன்னொரு நிலையத்து நெறிக்கட்டியிலும் இருந்தால் மூன்று-பி. இப்படி ஒன்றா, பலவா என்று பிரித்துப் பார்ப்பது இந்தப் பதிப்பில்தான் வந்தது. அட்ரினலில் புற்றுநோய் இருந்தால் நான்கு-ஏ. அதே ஸ்கேன், அதே படங்கள், நான்கு வேறு ஸ்டேஜ்கள், நான்கு வேறு சிகிச்சைகள். இதில் எது என்று பெட் ஸ்கேன் சொல்ல முடியாது. பெட் ரிப்போர்ட்டில் "மூன்றாம் ஸ்டேஜ்" என்று எழுதியிருப்பதை ரேடியாலஜி டாக்டரின் அனுமானம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட் ஸ்கேன் ஏன் ஏமாற்றுகிறது? அதில் நமக்குத் தெரிவது, எந்தத் திசு குளுக்கோஸை அதிகமாக இழுக்கிறது என்பதுதான். புற்றுநோய் செல் இழுக்கும். டிபி இருக்கும் இடமும் இழுக்கும். சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய், ஆறிக்கொண்டிருக்கும் நிமோனியா, வருடக்கணக்கில் விறகு அடுப்புப் புகையோ தூசியோ சுவாசித்துக் கறுத்துப்போன நெறிக்கட்டிகள், எல்லாமே ஒளிரலாம். டிபி அதிகமாக உள்ள நம் நாட்டில் நெஞ்சின் நடுவில் ஒளிரும் நெறிக்கட்டியைப் பார்த்த மாத்திரத்தில் புற்றுநோய் என்று எழுதிவிட்டால், அறுவை சிகிச்சையால் குணமாகியிருக்கக்கூடிய ஒருவருக்கு அந்த வாய்ப்பையே மூடிவிடுவோம். இதன் மறுபக்கத்தை நீங்களே பார்த்துவிட்டீர்கள். மேல்மடலில் நிழல், இருமல், எடை குறைவு என்றால் டிபி என்றே கை எழுதிவிடுகிறது. சளியில் கிருமி இல்லாமல், சதையில் ஆதாரம் இல்லாமல், "எதற்கும் ஆரம்பித்துப் பார்ப்போம்" என்று தொடங்கும் டிபி மாத்திரை, பீடி சிகரெட் பிடித்த ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு ஆபத்தான காத்திருப்பு. என் அனுபவத்தில் நுரையீரல் புற்றுநோய் தாமதமாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். கட்டியில் புற்றுநோய், நெறிக்கட்டியில் டிபியின் கிரானுலோமா, அதாவது அழற்சி செல்கள் திரண்ட சின்ன முடிச்சு. அல்லது புற்றுநோய்க்கு எதிர்வினையாகவே நெறிக்கட்டியில் கிரானுலோமா உருவாகியிருக்கலாம். அதனால் நெறிக்கட்டி ரிப்போர்ட்டில் கிரானுலோமா என்று வந்ததும் "அப்பாடா, டிபிதான்" என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது. கட்டிக்குத் தனியாகப் பதில் வேண்டும்.

சரி, ஊசிக்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் அவசரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்பாவின் கழுத்தில், காறை எலும்புக்கு மேலே, யாராவது கை வைத்துப் பார்த்தார்களா? அங்கே ஒரு சின்ன நெறிக்கட்டி இருந்தால், அதில் புற்றுநோய் இருந்தால், அது என்3, அதாவது நெறிக்கட்டிப் பரவலின் கடைசிப் படி. அறுவை சிகிச்சைக்கான பேச்சு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். கைக்குத் தட்டுப்படாவிட்டாலும் கழுத்தில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தால் சில நேரம் தெரியும். அதில் ஊசி போடுவது புறநோயாளிப் பிரிவிலேயே முடிகிற வேலை. நுரையீரலைத் தொடவே வேண்டாம். பெரிய கருவிகள் வந்த பிறகு இந்தச் சின்ன வேலை மறந்துபோகிறது என்பது என் ஆதங்கம்.

அடுத்து அந்த அட்ரினல். லேசாக மட்டும் ஒளிர்கிறது என்கிறீர்கள். அட்ரினலில் தீங்கற்ற கொழுப்புக் கட்டி பலருக்கு உண்டு. சாயம் ஏற்றாத சிடியில் அதன் அடர்த்தியை அளந்து பார்த்தாலே பாதி விஷயம் தெரியும்; ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் 10 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது பெரும்பாலும் சாதாரணக் கட்டிதான். இந்த அளவைக் குறித்துத் தரும்படி ரேடியாலஜி டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். அங்கே தெளிவு கிடைக்காமல், சிகிச்சை முழுவதும் அந்த ஒரு புள்ளியைச் சார்ந்து நின்றால், அட்ரினலில் இருந்தும் சதை எடுக்க வேண்டிவரும். இடது அட்ரினல் இரைப்பைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் உணவுக்குழாய் வழியாக அல்ட்ராசவுண்ட் குழாய் விட்டு அங்கே போகலாம். மூளைக்கு எம்ஆர்ஐ எடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பெட் ஸ்கேன் மூளையைச் சரியாகக் காட்டாது, ஏனென்றால் மூளையே குளுக்கோஸை அதிகமாக இழுக்கும் உறுப்பு. நெறிக்கட்டிவரை சந்தேகம் இருப்பவருக்கு மூளை எம்ஆர்ஐ கட்டாயம்.

இப்போது ஈபஸ். மூச்சுக்குழாய்க்குள் விடும் வளையும் குழாயின் நுனியில் சிறிய அல்ட்ராசவுண்ட் கருவி பொருத்தியிருக்கும். மூச்சுக்குழாயின் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் நெறிக்கட்டி, ரத்தக்குழாய் எல்லாம் திரையில் தெரியும். பார்த்துக்கொண்டே சுவர் வழியாக மெல்லிய ஊசியை நெறிக்கட்டிக்குள் செலுத்தி செல்களை உறிஞ்சி எடுப்பார்கள். தொண்டை மரத்துப்போக மருந்து அடித்து, தூக்க மருந்து கொடுத்துச் செய்வார்கள். சில இடங்களில் முழு மயக்கம் கொடுப்பார்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். பெரும்பாலானவர்கள் அன்று மாலையே வீடு திரும்பலாம். ஒன்றிரண்டு நாள் தொண்டை கரகரப்பு, சளியில் ரத்தக் கீற்று இருக்கும். பெரிய சிக்கல் அபூர்வம்.

இதில் நல்ல கைக்கும் சுமாரான கைக்கும் வித்தியாசம் தெரிவது வரிசையில். வலது பக்கக் கட்டி என்றால், முதலில் இடது பக்கத்து நெறிக்கட்டிகளில் எடுக்க வேண்டும். அப்புறம் மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்துக்குக் கீழே உள்ள ஏழாம் நிலையம். அப்புறம்தான் வலது பக்கம். அதாவது என்3, என்2, என்1 என்று மேலிருந்து கீழே. திருப்பிச் செய்தால், வலது பக்கத்தில் ஊசியில் ஒட்டிய புற்றுநோய் செல் இடது பக்கத்து மாதிரியில் கலந்து, இல்லாத இடத்தில் நோய் இருப்பதாகக் காட்டிவிடலாம். பெட்டில் ஒளிர்ந்த ஒன்றை மட்டும் குத்திவிட்டு வெளியே வருவதும் அரைவேலை. 5 மி.மீ.க்கு மேல் தெரியும் மற்ற நெறிக்கட்டிகளையும் பார்த்து எடுக்க வேண்டும். அந்த இடத்திலேயே ஒரு நோய்க்குறியியல் டாக்டரோ டெக்னீஷியனோ ஸ்லைடைப் பார்த்து "செல் போதும்" என்று சொல்லும் வசதி இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒவ்வொரு நெறிக்கட்டியிலும் குறைந்தது மூன்று முறை ஊசி போக வேண்டும்.

ஐரோப்பாவில் நான்கு மருத்துவமனைகளில் நடந்து 2010ல் வெளிவந்த ஆஸ்டர் ஆய்வு இந்த விஷயத்தில் முக்கியமானது. ஒரு குழுவுக்கு நேரடியாக மீடியாஸ்டினோஸ்கோபி, அதாவது கழுத்தின் அடியில் சின்னதாகக் கீறி நெஞ்சின் நடுப்பகுதிக்குள் போய்ச் செய்யும் அறுவைப் பரிசோதனை. இன்னொரு குழுவுக்கு முதலில் மூச்சுக்குழாய், உணவுக்குழாய் இரண்டின் வழியாகவும் அல்ட்ராசவுண்ட் ஊசி. அதில் ஒன்றும் இல்லையென்றால் மட்டும் கீறல். முதல் குழுவில் நெறிக்கட்டிப் பரவலில் 79 சதவீதம் பிடிபட்டது, இரண்டாவது குழுவில் 94 சதவீதம். தேவையில்லாமல் நெஞ்சைத் திறந்தது முதல் குழுவில் 18 சதவீதம், இரண்டாவதில் 7 சதவீதம். 2015ல் பிரிட்டனில் லங்பூஸ்ட் என்ற ஆய்வு இன்னொரு கேள்வியைக் கேட்டது. முதலிலேயே ஈபஸ் செய்தால் என்ன ஆகும்? சிகிச்சை முடிவெடுக்க வழக்கமான பாதையில் 29 நாள் ஆனது, ஈபஸ் பாதையில் 14 நாள். உங்கள் இரண்டாவது டாக்டர் இந்த வழியில்தான் யோசிக்கிறார்.

ஒரு சின்ன இடைச்செருகல். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் குஸ்டாஃப் கில்லியன் என்ற மருத்துவர் 1897ல் ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயில் சிக்கிய பன்றி எலும்பை விறைப்பான உலோகக் குழாய் வழியாக எடுத்தார். ப்ராங்கோஸ்கோபி அங்கே தொடங்கியது. வளையும் குழாய் வர எழுபது வருடம் ஆனது. ஜப்பானில் ஷிகெட்டோ இக்கேடா 1960களில் கொண்டுவந்தார். மீடியாஸ்டினோஸ்கோபி 1959ல் சுவீடனில் எரிக் கார்லென்ஸ் செய்தது. இப்போதைய ஈபஸ் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் ஜப்பானிலிருந்தே வந்தது. நுரையீரலுக்குள் எட்டிப்பார்க்கும் ஆசை பழையது, கருவிதான் புதிது.

ஈபஸுக்கும் எல்லை உண்டு. இடது நுரையீரல் மேல்மடல் கட்டிகள் பரவும் பெருந்தமனிப் பக்கத்து நெறிக்கட்டிகளை, அதாவது 5, 6 நிலையங்களை, மூச்சுக்குழாயிலிருந்து எட்டுவது கடினம். அதற்கு நெஞ்சில் சின்னத் துளையிட்டு வீடியோ கருவியோடு போக வேண்டும். உங்கள் அப்பாவுக்கு வலது பக்கம் என்பதால் இந்தப் பிரச்சினை இல்லை.

முதல் டாக்டர் சொன்ன சிடி வழி ஊசியைத் தள்ளிவிட வேண்டாம். ஈபஸில் நெறிக்கட்டிகள் எல்லாம் சுத்தமாக வந்தால், அப்போது கட்டிக்குப் பதில் தேட அதுவே நல்ல வழி. நுரையீரலின் ஓரத்தில் இருக்கும் கட்டிக்கு சாதாரண ப்ராங்கோஸ்கோபியைவிட இது மிகவும் நம்பகமானது. பத்தில் ஒன்பது பேருக்குப் பதில் கிடைத்துவிடும். தோலை மரக்கவைத்து, சிடியில் படம் எடுத்து எடுத்து ஊசியை நகர்த்தி, நூல் போன்ற சதைத் துண்டுகளை எடுப்பார்கள். மூச்சை அடக்கச் சொல்லும்போது அடக்க வேண்டும், இருமக் கூடாது. இதன் முக்கியச் சிக்கல், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிவது. ஐந்தில் ஒருவருக்கு ஓரளவு கசியும். அதில் பெரும்பாலானவை தானாகவே சரியாகும். சிலருக்கு நெஞ்சில் குழாய் போட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டிவரும். பீடி பிடித்து நுரையீரல் உப்பிப்போன எம்ஃபிசிமா உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். உங்கள் அப்பாவுக்கு அது இருக்க வாய்ப்புண்டு, சிடியில் அதை எழுதியிருக்கிறார்களா பாருங்கள். ஊசி முடிந்த பிறகு சில மணி நேரம் படுக்கையில் வைத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். காற்று கசிந்திருந்தால், எக்ஸ்ரேயில் முழுவதும் சரியான பிறகும் ஒரு வாரம் விமானம் ஏற வேண்டாம்.

மூன்றாவதாக, குழாயை வழிகாட்டும் மென்பொருளோடும் ரோபோவோடும் ஓரத்துக் கட்டிவரை கொண்டுபோகும் ப்ராங்கோஸ்கோபி இப்போது வந்திருக்கிறது. 10 முதல் 30 மி.மீ. கட்டிகளில் இதையும் சிடி வழி ஊசியையும் ஒப்பிட்ட வெரிடாஸ் ஆய்வு 2025ல் வெளிவந்தது. சரியான பதில் கிடைப்பதில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். காற்று கசிவு மட்டும் ப்ராங்கோஸ்கோபியில் 3.3 சதவீதம், சிடி வழி ஊசியில் 28.3 சதவீதம். நல்ல செய்திதான். ஆனால் கருவி சில இடங்களில்தான் இருக்கிறது, செலவும் அதிகம். உங்களுக்கு இப்போதைக்கு அதைத் தேடி அலையத் தேவையில்லை.

நெஞ்சில் நீர் கோத்தவர்களின் உறவினர் யாராவது இதைப் படித்தால்: அந்த நீரைத்தான் முதலில் எடுத்து அனுப்ப வேண்டும். அதில் புற்றுநோய் செல் இருந்தால் அதுவே நான்காம் ஸ்டேஜ், ஒரே ஊசியில் இரண்டு பதில். முதல் முறை அனுப்பினால் பத்தில் ஆறு பேருக்குத்தான் செல் தெரியும். இரண்டாவது முறை இன்னும் கொஞ்சம் பேருக்குத் தெரியும். அதற்குப் பிறகும் நீரையே எடுத்துக்கொண்டிருக்காமல், தோராக்கோஸ்கோபி மூலம், அதாவது நெஞ்சில் சின்னத் துளையிட்டுக் குழாய்க் கருவியால் பார்த்து, நெஞ்சுச் சவ்விலிருந்து சதை எடுப்பது நல்லது.

இனி பெரியப்பாவின் பயம். ஊசி போன பாதையில் புற்றுநோய் ஒட்டிக்கொள்வது நடக்கவே நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஜப்பானில் 9,783 ஊசிப் பயாப்ஸிகளைத் தொகுத்துப் பார்த்ததில் ஆறு பேருக்கு அப்படி நடந்திருந்தது. பத்தாயிரத்துக்கு ஆறு. நுரையீரலின் வெளிச்சவ்வை ஒட்டிய, ஆரம்ப நிலைக் கட்டிகளில் நெஞ்சு வழி ஊசிக்குப் பிறகு அந்தச் சவ்வில் நோய் திரும்புவது சற்று அதிகமா என்ற விவாதம் மருத்துவர்களுக்குள் உண்டு. அதனால்தான் ஓரத்தில் உள்ள, புற்றுநோய் என்று பலமாகச் சந்தேகிக்கும் சின்னக் கட்டியை, ஊசியே போடாமல் நேரடியாக அறுவையில் எடுத்து, சதையை உறையவைத்து அங்கேயே உடனே பார்க்கும் உறைவெட்டுப் பரிசோதனை செய்து, புற்றுநோய் என்றால் மடலை எடுக்கும் வழியும் இருக்கிறது. உங்கள் அப்பாவின் நிலை அதுவல்ல. "கத்தி பட்டதும் பரவிவிட்டது" என்று ஊரில் சொல்லும் கதைகளில் பெரும்பாலானவை, பயாப்ஸிக்கு முன்பே பரவியிருந்தது பயாப்ஸிக்குப் பிறகு தெரியவந்த கதைகள். பெரியப்பாவிடம் இதை வாதமாகச் சொல்லாமல், ஒரு கேள்வியாகக் கேளுங்கள்: எந்த வகை என்று தெரியாமல் எந்த மருந்தைக் கொடுப்பது?

ஏனென்றால் சதையின் வேலை "புற்றுநோய்" என்று சொல்வதோடு முடிவதில்லை. முதலில் சிறுசெல் வகையா, மற்ற வகையா என்று பிரிக்க வேண்டும். சிறுசெல் வகை வேகமாகப் பரவும். பெரும்பாலும் அறுவை கிடையாது, கீமோவை உடனே ஆரம்பிக்க வேண்டும். மற்ற வகை என்றால் அடினோகார்சினோமாவா, ஸ்குவாமஸா? டிடிஎஃப்-1, பி40 என்ற இரண்டு சாயங்களே பெரும்பாலும் இதைத் தீர்த்துவிடும். அப்புறம் மரபணு மாற்றங்கள். இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இந்திய அடினோகார்சினோமா நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இருக்கிறது. புகை பிடிக்காதவர்களுக்குத்தான் இது அதிகம் வரும் என்பதற்காக, பீடி பிடித்தவருக்குப் பார்க்காமல் விடக் கூடாது. ஏஎல்கே, ராஸ்1 போன்றவை இன்னும் குறைவு, ஆனால் இருந்தால் மாத்திரையிலேயே பல வருடம் கட்டுப்படுத்த முடிகிறது. இதோடு உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபி எவ்வளவு பயன் தரும் என்று கணிக்க பிடி-எல்1 பரிசோதனை.

முன்பெல்லாம் இந்தப் பரிசோதனைகள் நான்காம் ஸ்டேஜுக்கு மட்டும் என்று இருந்தது. இப்போது அப்படியில்லை. அறுவைக்கு முன்னால் கீமோவோடு இம்யூனோதெரபி கொடுப்பதை செக்மேட் 816 ஆய்வு 2022ல் நிலைநிறுத்தியது. அறுவை செய்ய முடியாத மூன்றாம் ஸ்டேஜில், கீமோ-ரேடியேஷனுக்குப் பிறகு இஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ளவர்களுக்கு ஓசிமெர்டினிப் மாத்திரை நல்ல பலன் தருவதை 2024ல் லாரா ஆய்வு காட்டியது. ஆகவே உங்கள் அப்பா மூன்றாம் ஸ்டேஜ் என்று முடிவானாலும் இந்த மரபணு முடிவு சிகிச்சையை மாற்றும்.

இவ்வளவு பரிசோதனைக்கும் கையில் இருப்பது சில மில்லிமீட்டர் சதை. அதனால் சதையைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும். தேவையில்லாத பத்து சாயங்களைப் போட்டுப் பார்த்து பிளாக்கை (சதையைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டி) காலி செய்துவிட்டு, மரபணுப் பரிசோதனைக்கு "சதை போதவில்லை, மறுபடி எடுங்கள்" என்று ரிப்போர்ட் வருவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம். பிடி-எல்1 பார்க்கவே குறைந்தது 100 உயிர்ப்புள்ள புற்றுநோய் செல்களாவது வேண்டும். பயாப்ஸி கோரிக்கைத் தாளில் "நுரையீரல் புற்றுநோய் சந்தேகம், மரபணுப் பரிசோதனைக்குச் சதை மிச்சம் வைக்கவும்" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஈபஸ் மாதிரியில் ஸ்லைடு மட்டும் போட்டால் போதாது, செல்களைத் திரட்டி மெழுகில் பதிக்கும் செல் பிளாக் செய்ய வேண்டும். டிபி சந்தேகம் ஏற்கெனவே இருப்பதால் ஒரு பகுதியை ஃபார்மலினில் போடாமல் சலைனில் தனியாக அனுப்பி ஜீன்எக்ஸ்பர்ட்டும் (டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) கல்ச்சரும் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) பார்க்க வேண்டும். ஃபார்மலினில் விழுந்த சதையில் கிருமி வளராது. யாருக்காவது எலும்பிலிருந்து சதை எடுத்தால், அதை அமிலத்தில் ஊறவைத்து மென்மையாக்கும் பழைய முறை மரபணுவைச் சிதைத்துவிடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

ரத்தத்திலேயே பார்க்கும் லிக்விட் பயாப்ஸி போதாதா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். ரத்தத்தில் மிதக்கும் புற்றுநோய் டிஎன்ஏவில் மாற்றம் கிடைத்தால் நம்பலாம். கிடைக்காவிட்டால், இல்லை என்று அர்த்தமில்லை. பரவல் குறைவாக இருக்கும்போது ரத்தத்தில் டிஎன்ஏவும் குறைவாகத்தான் இருக்கும். சதை போதாமல் போனவருக்கும், மாத்திரை பலனிழந்த பிறகு புதிய மாற்றம் தேடுவதற்கும் நல்ல துணை. முதல் நோயறிதலுக்கு மாற்று ஆகாது.

பரிசோதனைக்கு முன்னால் அப்பா சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை டாக்டரிடம் கொடுங்கள், முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகள். குளோபிடோக்ரெல் என்றால் பொதுவாக ஐந்து முதல் ஏழு நாள் முன்பே நிறுத்துவார்கள். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் என்றால் இதய டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தவே கூடாது. ஆஸ்பிரின் மட்டும் என்றால் ஈபஸுக்குப் பெரும்பாலும் நிறுத்த வேண்டியதில்லை. ஆறு மணி நேரம் திட உணவு கூடாது. சர்க்கரை மாத்திரை, இன்சுலின் அன்று காலை என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். "நெகட்டிவ்" என்றால் நெறிக்கட்டியின் செல்கள் போதுமான அளவு கிடைத்தன, அதில் புற்றுநோய் இல்லை. "இன்அடிக்வேட்" என்றால் பார்க்கும் அளவுக்குச் செல்லே கிடைக்கவில்லை. அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ள முடியாது. நெகட்டிவ் என்று வந்தாலும், பெட்டில் பலமாக ஒளிர்ந்த பெரிய நெறிக்கட்டி என்றால் மீடியாஸ்டினோஸ்கோபி வேண்டுமா என்று அறுவை மருத்துவரோடு பேச வேண்டும். நுரையீரல், அறுவை, புற்றுநோய், ரேடியேஷன், நோய்க்குறியியல் டாக்டர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசும் ட்யூமர் போர்டு உள்ள மருத்துவமனையாகத் தேடுங்கள். ஈபஸ் எல்லா ஊரிலும் இல்லை. அதற்காக ஒரு தடவை பெரிய ஊருக்குப் போய்வருவது வீண் அலைச்சல் ஆகாது.

புற்றுநோயா, எந்த வகை என்ற முதல் ரிப்போர்ட் சில நாட்களில் வந்துவிடும். மரபணு முடிவுக்கு இரண்டு மூன்று வாரம்வரை ஆகலாம். அந்த இடைவெளியில் "எதையாவது ஆரம்பியுங்கள்" என்று நெருக்காதீர்கள். மூச்சுத் திணறல் மோசமானாலோ, சிறுசெல் வகை என்றாலோ டாக்டரே காத்திருக்க மாட்டார். மற்றபடி, மரபணு முடிவு வருவதற்குள் இம்யூனோதெரபி கொடுத்துவிட்டு, பிறகு இஜிஎஃப்ஆர் மாற்றம் இருப்பது தெரிந்து ஓசிமெர்டினிப்புக்கு மாறினால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்து கூடுகிறது. அதோடு, இன்னொரு மருத்துவமனையில் கருத்துக் கேட்கப் போவதாக இருந்தால் ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள். பாரஃபின் பிளாக்கையும் ஸ்லைடுகளையும் ஆய்வகத்தில் எழுதிக்கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள், ஸ்கேன் படங்களை குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ எடுத்துக்கொள்ளுங்கள். பிளாக் கையில் இருந்தால் அப்பாவை மறுபடி குத்த வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.